அக்காளுக்கு மூலம் என்றார்கள்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று துறைத்தலைவர் கேட்டபொழுது, இலக்கியக் கட்டுரையே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். இக்கல்லூரியில் முப்பத்தோராண்டு தமிழ் பயிற்றுவித்து 2009ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ பற்றி எழுதலாம் என்று தாளை எடுத்து வைத்தேன். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்க்கு நடத்தியிருக்கிறேன். உண்ணும் அளவு, செரித்தலின் அருமை, நோய் இன்னதென ஆராய்ந்து அதன் முதல் எதுவெனத் தேடும் மருத்துவனின் கடமை ஆகியவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று பேனா ஓடவில்லை. அதே அதிகாரத்தை வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், என் தமக்கையாரின் நோய்க்கு முதல் எது என்று நான் ஒருமுறையேனும் கேட்கவில்லை என்பது நினைவிற்கு வந்தது. ஆதலின் இலக்கியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த நினைவையே எழுதுகிறேன். மலரில் வரத்தக்க பொருளா இது என்று எண்ணும் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் பிளவக்கல் அணைக்குக் கீழே, கூமாப்பட்டிப் பக்கத்துத் தோப்புக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் இரண்டு ஆறுகளைத் தடுத்து அங்கே இரண்டு அணைகள் கட்டியிருக்கிறார்கள். ஒன்று பெரியாறு, மற்றொன்று கோவிலாறு. இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. வெளியூர் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. ஐப்பசி கார்த்திகையில் மலையில் மழை பெய்து அணை நிரம்பினால், வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்கள் ஒவ்வொன்றாகப் பெருகும். தென்னையும் மாவும் நெல்லுமாக அந்த அடிவாரம் அப்போது காட்டும் பசுமையைச் சொல்லி முடியாது. 2025ஆம் ஆண்டில் கூமாப்பட்டியின் தண்ணீரைப் புகழ்ந்த காணொளி ஒன்று கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவியபோது என் பேரப்பிள்ளைகள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினர். அந்தத் தண்ணீரை இருபத்தெட்டு ஆண்டு குடித்த ஒருத்தியை நான் நினைத்துக்கொண்டேன்.

1996 பொங்கலுக்குச் சென்றிருந்தேன். அக்காளுக்கு அப்பொழுது வயது நாற்பத்தொன்பது. என் தாயாரும் அவர் வீட்டிலேயே இருந்தமையால் மாதம் ஒருமுறை நான் அங்குச் செல்வது வழக்கம். பந்தியில் எங்களுக்குப் பரிமாறிக் கொண்டிருந்தவர் திடீரெனக் கரண்டியை வைத்துவிட்டுத் தோப்புப் பக்கம் போனார். சற்று நேரத்தில் திரும்பினார், மீண்டும் போனார். அன்று முற்பகலில் மட்டும் ஐந்து முறை. “உடம்புக்கு என்ன அக்கா?” என்றேன். “சூடு தம்பி, வேறொன்றுமில்லை” என்றார். அத்தானோ, “உங்க அக்காளுக்கு மூலம். ஆறு மாசமா இருக்கு. டாக்டரிடம் காட்டியாச்சு” என்று சொல்லி முடித்துவிட்டார். மூலம் என்றதும் எனக்கும் மேலே கேட்க நா எழவில்லை. நாற்பத்தைந்து வயது ஆண்மகன் தமக்கையிடம் கேட்கக்கூடிய நோயா அது?

இங்கே ஒரு தமிழாசிரியனின் பழக்கதோஷத்தைப் பொறுத்துக்கொள்க. மூலம் என்னும் சொல்லுக்கு வேர், அடி, காரணம், தொடக்கம் என்றெல்லாம் பொருள் உண்டு. அச்சொல்லே ஆசனவாயில் இரத்தக்குழாய்கள் புடைத்துக் குருதி கசியும் நோய்க்கும் பெயராயிற்று. அக்காளின் வீட்டில் நோயின் மூலத்தை மறைத்தது மூலம் என்ற பெயர்தான். பெயர் கிடைத்துவிட்டால் நோயே தெரிந்துவிட்டது என்று மனம் ஆறிவிடுகிறது. அப்புறம் யாரும் தேடுவதில்லை.

பதினொரு மாதம் அந்தப் பெயருக்கே மருத்துவம் நடந்தது. துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தார்கள். கருணைக்கிழங்கு வாரம் மும்முறை குழம்பில் கிடந்தது. மோரும் வெந்தயமும் நாள்தோறும் உண்டு. காரம் விலக்கினார், புளி விலக்கினார், பிறகு பசியே அவரை விலக்கிவிட்டது. பக்கத்து நகரத்தில் அவரைப் பார்த்த மருத்துவர், மேசைக்கு அப்பால் இருந்தபடியே இரண்டு கேள்வி கேட்டுக் களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்ததாகப் பின்னால் அறிந்தேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. இராசபாளையத்தில் பேருந்து மாறும்போது நாட்டு மருந்துக் கடையில் கருணைக்கிழங்கு லேகியம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, அதை ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல மாதந்தோறும் அக்காள் கையில் கொடுத்து வந்தவன் நான்தான். அவர் ஒவ்வொரு முறையும், “இப்போ பரவாயில்லை தம்பி” என்பார். அந்தப் பரவாயில்லையைக் கேட்கத்தான் நானும் விரும்பினேன் போலும்.

1996 டிசம்பரில் களத்துமேட்டில் மயங்கி விழுந்தார். வத்திராயிருப்பிற்குத் தூக்கிச் சென்று, அங்கிருந்து திருவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது. அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கையுறை அணிந்து ஆசனவாயில் ஒரு விரலைச் செலுத்திப் பார்த்தார். அவ்வளவுதான். சோதனை ஒரு நிமிடங்கூட ஆகியிராது. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, “இதுவரை யாருமே இப்படிப் பார்க்கவில்லையா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. மலக்குடலில் விரலுக்கு எட்டும் உயரத்தில் கரடுமுரடான கட்டி ஒன்று இருந்தது. மதுரையில் அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்துப் புற்று என்றார்கள்.

அந்நாளில் எனக்குத் தெரியாமல் போனவற்றுள் சிலவற்றை இளைய வாசகர் பொருட்டு இங்கே எழுதுவது தகும். நம் குடலின் உட்சுவரில் உள்ள மெல்லிய படலம் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கிறது. உடம்பில் வேறெங்கும் இத்தனை விரைவாகப் புதுப்பித்தல் நடப்பது அரிது. புதுப்பிக்கும் இடத்தில் பிழை நேரவும் இடமுண்டு. பிழைபட்ட அணுக்கள் முதலில் காளான் மொட்டுப்போல் ஒரு சிறு தசை முளையாக உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். பாலிப் என்பது அதுதான். எல்லா முளையும் புற்றாவதில்லை. ஆகின்றவையும் அவ்வாறு ஆவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு எடுத்துக்கொள்கின்றன. அக்காளுக்கு இரத்தம் கண்டது 1995இல். அப்படியானால் 1985 வாக்கில், காமராசர் மாவட்டம் பிரிந்த அந்த ஆண்டில், ஒரு குன்றிமணி அளவு முளை அவர் வயிற்றில் வலியின்றி உட்கார்ந்திருக்கக்கூடும். 1969ஆம் ஆண்டிலேயே, வயிற்றைக் கிழிக்காமல், வளையும் குழாயைச் செலுத்தி அதன் முனையில் உள்ள கம்பி வளையத்தால் அத்தகைய முளையை அறுத்தெடுக்கும் முறையை அமெரிக்காவில் கண்டுவிட்டனர். நோய்க்கும் நமக்கும் இடையே பத்தாண்டு அவகாசம் இருந்தது. அதில் ஒன்பதை நாங்கள் அறியாமையால் இழந்தோம். கடைசி ஆண்டை வெட்கத்தால் இழந்தோம்.

மூலத்திற்கும் புற்றிற்கும் வேறுபாடு யாது என்று கேட்பவர் உண்டு. மூலம் முற்றிப் புற்றாவதில்லை. ஆனால் இரண்டிலும் இரத்தம் வரும்; ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். ஆகவே மூலம் இருப்பது தெரிந்தவர்க்கும் அதற்கு அப்பால் பார்த்தாக வேண்டும். மலத்தோடு கலந்து வரும் இரத்தம், சளி போன்ற கசிவு, சென்று வந்த பின்னும் இன்னும் மீதமிருப்பதுபோல் மீண்டும் மீண்டும் அழைக்கும் உணர்வு, பல ஆண்டாக இருந்த பழக்கம் சில வாரங்களாக மாறிப்போதல், காரணமின்றிச் சோகை பிடித்தல் ஆகியவை அக்காளிடம் ஒன்று விடாமல் இருந்தன. பந்தியில் அவர் கரண்டியை வைத்துவிட்டுப் போனது அந்த மீதமிருக்கும் உணர்வால்தான். அதற்குச் சூடு என்று அவர் பெயரிட்டார்.

மேலை நாடுகளை நோக்க நம் நாட்டில் பெருங்குடற் புற்று குறைவு. ஆயினும் வருகின்றவர்களுள் ஐம்பது வயதிற்குட்பட்டோர் பலர். முற்றிய பிறகே வருவோர் மிகப் பலர். ஜப்பானில் 1992 முதல் நாற்பது வயது கடந்தோரின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று நாடு தழுவிய அளவில் சோதிக்கிறார்கள். நம் நாட்டின் பொதுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றிடத்துப் புற்றுக்கே இடமுண்டு, குடலுக்கு இல்லை. வீடு தேடி வரும் செவிலியர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பார், இதைக் கேட்கமாட்டார். நாமாகத்தான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. அதுவோ நமக்கு எளிதாக வருவதில்லை.

மதுரையில் மருத்துவர் சொன்ன வழி ஒன்றே. 1908ஆம் ஆண்டில் எர்னஸ்ட் மைல்ஸ் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர் வகுத்த முறைப்படி மலக்குடலையும் ஆசனவாயையும் முற்றாக நீக்கிவிட்டு, குடலின் நுனியை இடப்புற வயிற்றில் ஒரு துளையாக வெளியே கொணர்ந்து, அதன்மேல் ஒரு பையைப் பொருத்துவது. இன்று இதே நோய்க்கு முன்கூட்டியே கதிரும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, ஆசனவாயைக் காப்பாற்றும் சிகிச்சை பலருக்கு வாய்க்கிறது. அக்காளின் கட்டி இருந்த இடத்திற்கும் அன்றைய நிலைக்கும் அது வாய்க்கவில்லை.

அவர் மறுத்துவிட்டார். “செத்தாலும் சாவேனே தவிர வயித்துல பையைக் கட்டிக்கிட்டு நாலு பேர் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டேன்” என்றார். மூன்று வாரம் அப்படியே கழிந்தது. அத்தான் தோப்பின் ஒரு பகுதியை ஒத்திக்கு வைத்துப் பணத்தோடு காத்திருந்தார். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2012 முதல் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அந்த அட்டையைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருக்கின்றன. விருதுநகரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 1997இல் எங்களுக்கு இருந்தவை தோப்பும் மதுரைப் பேருந்துமே. முடிவில் அக்காளை இசைய வைத்தது அத்தானும் அல்ல, படித்த தம்பியும் அல்ல. இருபத்தொரு வயது நிரம்பிய அவருடைய மகள். “அம்மா, நான் உன்னைக் கழுவி விடுவேன். சின்னதுல நீ என்னைக் கழுவி விடலியா?” என்று அவள் கேட்டாளாம். நான் அப்போது அங்கில்லை. சொல்லக் கேட்டதுதான்.

1997 பிப்ரவரியில் அறுவை நடந்தது. பைகள் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் விலை மிகுதி. ஆகவே வீட்டில் இருக்கும்போது அவர் பஞ்சையும் மருத்துவத் துணியையும் மடித்து வைத்துக் கட்டிக்கொள்வார். இராசபாளையத்திற்கு அருகே உள்ள சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். காயத்திற்குக் கட்டும் வலைத்துணி அங்கிருந்துதான் எங்கெங்கோ போகிறது. அந்த ஊர்த் துணிச்சுருளைக் கட்டுக் கட்டாக வாங்கி வருவது என் வேலையாயிற்று. லேகிய டப்பா சுமந்த அதே பையில் அதைச் சுமந்து சென்றேன். ஆறு மாதத்தில் அக்காள் தேறினார். பருத்திச் சேலையை உயர்த்திக் கட்டிக்கொண்டு தோப்பில் தேங்காய் எண்ண வந்துவிட்டார். ஒரு நாள் மதகில் தண்ணீர் விடுவதைப் பார்க்க வேண்டும் என்று அணைவரை மாட்டு வண்டியில் போய் வந்தார். விசேஷ வீடுகளுக்கு மட்டும் இறுதிவரை போகவில்லை.

இந்தப் பை குறித்து இக்கல்லூரியில் கேட்ட ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஊர் வணிகர் ஒருவர் இதே அறுவைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்றும், ஒளு நிற்காதே என்ற கவலையால் வீட்டிலும் தொழாமல் அழுதுகொண்டிருந்தார் என்றும் பேராசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். அப்போது அரபுத் துறை நண்பர், இடையறாத கசிவு உடையவர்க்கு மார்க்கச் சட்ட நூல்களில் பழங்காலந்தொட்டே சலுகை உண்டு என்றும், ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் புதிதாக ஒளுச் செய்துகொண்டு அவர் தாராளமாகத் தொழலாம் என்றும் விளக்கினார். அன்று மாலையே அவர் அந்த வணிகரின் வீட்டிற்கும் சென்று வந்தார். தெரிந்ததை உரியவரிடம் போய்ச் சொன்ன அந்த மனிதரை நினைக்கும்போது, லேகியம் வாங்கிய என்னை நினைத்து நாணுகிறேன்.

1998 தொடக்கத்தில் கல்லீரலில் பரவியிருப்பது தெரிந்தது. அதன்பின் சொல்ல அதிகமில்லை. ஐப்பசியில், அணைக்கு நீர்வரத்து மிகுந்த நாளொன்றின் விடியலில், அக்காள் காலமானார்.

அவர் மறைந்த மறு ஆண்டில் கல்லூரி நூலகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை எடுத்தேன். தமிழ்ப் பெண்களின் கல்வி பற்றிய சொற்பொழிவு ஒன்றிற்காகவே எடுத்தேன். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர்ச் சட்ட மேலவையின் துணைத் தலைவராகவும் விளங்கிய பெருமாட்டி என்பதை எல்லோரும் அறிவர். அவருடைய தங்கை மலக்குடற் புற்றால் இளவயதில் மாண்டார் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். வயிற்றுக்கடுப்பு என்று கருதி அதற்கே மருத்துவம் செய்து வந்தார்களாம். 1923இல் அத்தங்கை இறந்தார். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மருத்துவரான தமக்கை இருந்த வீட்டிலேயே நோய் வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது! எங்கள் வீட்டில் அது மூலம். அங்கே அது கடுப்பு. இடையே எழுபத்து மூன்று ஆண்டுகள்.

அம்மையாரின் துயரம் துயரமாகவே நின்றுவிடவில்லை. 1925இல் மேற்படிப்பிற்காக இலண்டன் சென்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்துவந்தார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிவாரண நிதி தொடங்கினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். சாகப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தோரே அந்நாளில் கேட்டதை டாக்டர் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. 2021 சனவரியில் மறையும்வரை அவர் அந்நிலைய வளாகத்தை விட்டு அகலவில்லை.

அதே நிலையம் 1981 முதல் சென்னை நகரில் யார் யாருக்கு எவ்விடத்துப் புற்று வருகிறது என்று பதிவேடு வைத்து வருகிறது. சென்னை ஆண்களிடையே நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது இரைப்பைப் புற்று என்பது அப்பதிவேட்டால் தெரியவந்தது. இரைப்பைக்கும் மறைப்புப் பெயர்கள் உண்டு: வாயு, பித்தம், ‘கேஸ்’, அல்சர். இந்நோயில் பெரும் பங்கிற்குக் காரணமாக நிற்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் 1982இல் அதைப் பிரித்தெடுத்தனர். அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி வாழுமா என்று உலகம் நகைத்தது. மார்ஷல் 1984இல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி கண்டு, தம் கூற்றை நிறுவினார். 1994இல் உலக நல நிறுவனத்தின் புற்றாய்வு அமைப்பு அதைப் புற்று உண்டாக்கும் காரணி என அறிவித்தது. 2005இல் நோபல் பரிசு வந்தது. சில நாள் மருந்தால் அக்கிருமியைப் போக்கிவிடலாம். அதை விட்டுவிட்டு, கடையில் சோடாவும் அமிலம் தணிக்கும் மருந்தும் வாங்கி ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவோர் இந்த ஊரிலேயே எத்தனை பேர்! சோறு இறங்கும்போது நெஞ்சில் அடைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூடவே ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கும் வெற்றிலை புகையிலைக்காரரையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்க்கு உணவுக்குழலைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் குடும்பக் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன் என்றாலும் தகும்.

அக்காள் இறந்தபோது மகளுக்குத் திருமணம் ஆகவில்லை. புற்று என்று வெளியில் தெரிந்தால் வரன் அமையாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, வயிற்றுக்கட்டி என்று சொல்லிவிடுவதென முடிவாயிற்று. நானும் அந்தத் திண்ணையில் இருந்தேன், தலையசைத்தேன். 1999இல் திருமணம் இனிதே நடந்தது. பொய் தன் வேலையை முடித்துவிட்டது என்று நினைத்தோம். அது முடியவில்லை. அம்மாவைக் கழுவி விட்ட அந்தப் பெண்ணுக்கே நோயின் பெயரை நாங்கள் சொன்னதில்லை. அவள் அறிந்தது ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள் என்பது மட்டும்.

2015இல் கோயம்புத்தூரில் வாழ்ந்துகொண்டிருந்த அவள் ஏதோ வயிற்றுக் கோளாறு என்று மருத்துவரிடம் போயிருக்கிறாள். “குடும்பத்தில் யாருக்கேனும் குடற்புற்று உண்டா?” என்று அவர் கேட்டிருக்கிறார். “இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தவள், இரவில் எனக்குத் தொலைபேசியில் பேசும்போது பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள். எனக்குக் கை நடுங்கியது. பெற்றவர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் வந்திருந்தால், நாற்பது வயதிலேனும், அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதிற்குப் பத்தாண்டு முன்னரேனும் குடலை உள்நோக்கிக் குழாயால் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. அவளுக்கு அப்போது நாற்பது. நாங்கள் திண்ணையில் சொன்ன பொய் பதினாறு ஆண்டு கழித்து ஒரு மருத்துவரின் குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று ஏறியிருக்கிறது.

உண்மையைச் சொன்னேன். எதிர்முனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “ஏன் மாமா, என்கிட்டகூடவா?” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுவாரம் சோதனை செய்துகொண்டாள். இரண்டு முளைகள் இருந்தன, அங்கேயே அறுத்தெடுத்துவிட்டார்கள். ஒன்று புற்றாவதற்குரிய வகையைச் சேர்ந்தது, ஆனால் இன்னும் ஆகவில்லை என்று அறிக்கை வந்தது. உடன்பிறந்த மாமாவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். நான் உடனே போனேனா? ஏழு மாதம் தள்ளிப் போட்டேன். தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்றேன். ஓய்வு பெற்று ஆறாண்டானவனுக்கு என்ன விடைத்தாள்! அவளே ஒரு நாள் பேருந்து ஏறி வந்து, குடலைக் கழுவும் உப்பு நீரை இரண்டு லிட்டர் கரைத்து வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் ஒரு சிறு முளை இருந்தது. எடுத்தாயிற்று.

இக்கட்டுரையை எழுதும் முன் அவளிடம் இசைவு கேட்டேன். பெயரும் ஊரும் போட வேண்டாமா என்று கேட்டாள். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்றேன். “அப்படியானா பிளவக்கல்னு போடுங்க மாமா. நோவோட பேரையும் சரியா போடுங்க” என்றாள்.